ரெண்டுக்கு ஒண்ணு

— கேளு மச்சான், நகரத்துச் சபைக்கு எழுதினவரைக்கும் வாசிக்கிறேன். "களை பறித்த அன்று கூடியிருந்தவர்கள்: போதகர், நடு நாற்காலியில். நகரத்துச் சபையின் பாட்டுக் குழுவினர் ஏழு பேர், முன்பெஞ்சில், குனிந்த தலையுடன். நம் ஊர்ச் சபைச் செயலாளராகிய நான் சன்னலோரம். வயலைப் பார்த்துக்கொள்ளும் என் மச்சான் வாசற்படியில், சேற்றுக் காலுடன்."

— சேத்துக் காலு எதுக்கு அத்தான் கடிதாசில?

— எதையும் முறைப்படி எழுதணும். அன்னைக்கு அந்தப் பாட்டுக் குழு டீச்சர், "களை பிடுங்க வந்து, புல்லுன்னு நெனச்சு, பசிச்சவங்களுக்கு வளர்த்த சோளத்தைப் பாதி பிடுங்கிட்டோமே"ன்னு அழுதாங்க. நீ வாயே திறக்கல.

— திறந்திருந்தா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சிருப்பாங்க. அறுவடை மூட்டை பேசட்டும்னு இருந்தேன்.

— அதுக்குள்ள, "நாங்க விலகிக்கிறோம்"னு எழுதிட்டாங்களே! நிலம் நம்ம சபையோடது, விதையும் வண்டியும் அவங்களது. அவங்க விலகினா பசிச்ச வீட்டுக்கு யாரு கொண்டுபோய்ச் சேர்க்கிறது?

— விலக மாட்டாங்க. வெளிய பாருங்க, அவங்க வண்டியில அறுபது சோள மூட்டை. போன வருஷம் நாப்பத்தஞ்சுதான்.

— அப்ப எழுதறேன்: "விதைக்கும் இயந்திரத்தில் விதை அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தப்பாக வைத்ததால், இரண்டு பங்கு விதை விழுந்து பயிர் நெருக்கியடித்தது. இரண்டுக்கு ஒன்றாக நீங்கள் பிடுங்கியதால்தான் மீதி கதிர் பிடித்தது." யார் தப்புன்னு போட?

— என் தப்புன்னே போடுங்க.

— பின்ன? இருபது வருஷமா விவசாயம், ஒரு திருகு வைக்கத் தெரியல! நான்னா நூலளவு பிசகுமா?

— பிசகாது அத்தான். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தா.

— நக்கலு! "அடுத்த விதைப்புக்குக் கட்டாயம் வரவும். புல் எது, பயிர் எது என்று என் மனைவி காட்டித்தருவாள்."

— அக்கா திட்டிக்கிட்டே காட்டித்தரும்னு போடுங்க.

— பசையை எடு. ம்ம்... ஒட்டியாச்சு. டிரைவரே, இதை டீச்சர் கையிலயே குடுங்க!

— கிளம்பிட்டாரு.

— அப்பாடா! நெஞ்சிலிருந்து கல்லு இறங்கின மாதிரி இருக்கு. நீ ஏன்டா சிரிக்கிற?

— விதைச்ச அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் அத்தான். டிராக்டர்ல உக்காந்தபடியே, "திருகைக் கோட்டுக்கு நேரா வைங்க"ன்னேன். கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்து, அதைத் திருகினது நீங்க.