பேக்கேஜ் காத்த பெருமாட்டிக்கு, கப்பலேறியவர்கள் சார்பில்

அலைகடல் நடுவே அமைந்த அந்தமான் தலைநகரில், கறுப்புத் திரையின் முன் கண்ணிமைக்காது அமர்ந்து, கணினிகளையும் கப்பல் பயணிகளையும் ஒருசேரக் கட்டிக்காத்த கருணைக் கடலே! பாம்பூஃப்ளாட் படகுத்துறையைப் பகலவனுக்கு முன்பே பார்த்துவிடும் பண்பின் சிகரமே! பிடிவாதத்தின் பிறப்பிடமே! நீலமணி கப்பல் பயணச்சீட்டு நிலையத்தின் கணினிப் பிரிவுத் தலைவியாய் விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் மெஹருன்னிசா அம்மையீர்! உங்கள் சக ஊழியர்களின் நெஞ்சார்ந்த வணக்கம்.

கருணைக் கடலே என்று நாங்கள் வாசித்த இடத்தில் உங்கள் முகம் சுளித்ததைக் கவனித்தோம். சுனாமி வந்துபோன ஊரில் ஒருவரைக் கடல் என்று புகழ்வது கொஞ்சம் யோசிக்க வேண்டிய காரியம்தான். ஆனால் மடலுக்கென்று ஒரு மரபு இருக்கிறது, அம்மையீர்! இன்று ஒருநாள் பொறுத்தருள வேண்டுகிறோம்.

கார்பன் தாள் வைத்துக் கையால் சீட்டெழுதிய காலத்தில் பணியில் சேர்ந்தீர்கள். சுனாமிக்கு அடுத்த வாரம், யார் எந்தக் கப்பலில் எந்தத் தீவுக்குப் போனார் என்று கேட்டுக் கதறி வந்தவர்களுக்கு, ஊறிப்போன தாள்களைப் பிரிக்கவும் முடியாமல், பதில் சொல்லவும் முடியாமல் நின்றீர்கள். அந்த வாரத்தைப் பற்றி நீங்கள் எங்களிடம் அதிகம் பேசியதில்லை. அதற்குப் பிறகுதான் நிலையத்துக்குக் கணினி வந்தது, அதில் லினக்ஸ் என்னும் இயங்குதளம் வந்தது, பட்டியலில் பெயரில்லாத ஒருவரும் கப்பலேறக் கூடாது என்ற விதியும் வந்தது. அந்த விதியைத் தாங்கிப் பிடித்த தூண் நீங்கள்.

லினக்ஸில் ஒரு மென்பொருளை ஏற்றுவதும் நீக்குவதும் எப்படி என்று அறியாத சான்றோர்கள் இந்த அவையில் உண்டு. அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆப்ட்-கெட் இன்ஸ்டால் என்று ஒரு வரி எழுதினால் கேட்ட பேக்கேஜ் வரும். கல்யாணத்துக்கு அழைத்த விருந்தாளியைப் போல, அது தன் சொந்தபந்தம் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு வரும். ஒன்றை வெளியே போகச் சொன்னால், அதை நம்பியிருக்கும் மற்றவையும் மூட்டை கட்டிவிடும். மெயின்லேண்டில் இது ஒரு கவலையே இல்லை. போனதை இணையத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்வார்கள். நமக்கோ வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும் இணைப்பு. மழைமேகம் ஒன்று குறுக்கே வந்தால் அதுவும் நின்றுவிடும்.

ஆகவே, ஒருமுறை வந்த பேக்கேஜை நீங்கள் சேர்த்துவைத்தீர்களே தவிர அழித்ததில்லை. இறக்கிய கோப்புகளைத் துடைத்துக் கணினி வட்டில் இடம் உண்டாக்குங்கள் என்று மேலிடம் எத்தனை முறை சுற்றறிக்கை அனுப்பினாலும், 'பாக்கலாம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள். விடுப்பில் சென்னைக்குப் போகிற எவரையும், அங்கிருந்து பேக்கேஜ்களை இறக்கிவரச் சொல்லாமல் நீங்கள் சும்மா விட்டதில்லை. நம் அய்யூப் தன் நிக்காஹுக்குப் போய்த் திரும்பியபோது, மாப்பிள்ளைச் சட்டைகளுக்கு நடுவே வன்தட்டு ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். புதுப்பெண் பெட்டியைத் திறந்து பார்த்துக் கேட்ட கேள்வியை இந்த அவையில் சொல்ல அய்யூப் அனுமதிக்கவில்லை.

இவ்வளவு எச்சரிக்கை கொண்ட உங்கள் கையே ஒருநாள் தவறியது. அதைப் பாராட்டு மடலில் வாசிக்கலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. அதை விட்டுவிட்டால் உங்களுக்கு நன்றி சொல்லவே எங்களுக்கு வழியில்லை என்பதால் வாசிக்கிறோம்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு மழைக்காலம். நிக்கோபாரின் கட்சால் தீவுக்குக் கப்பல் புறப்படும் காலை. வானிலை மோசமாகிறது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று கப்பலிலிருந்து அவசரப்படுத்துகிறார்கள். பயணிகள் பட்டியலை அச்சிடப் போனால், வட்டில் இடமில்லை என்கிறது கணினி. சேர்த்துவைத்த பேக்கேஜ்களை அழிக்க உங்களுக்கு மனம் வரவில்லை. யாரும் பயன்படுத்தாத பழைய மென்பொருள் ஒன்றை நீக்கினால் போதும் என்று ஆப்ட்-கெட் ரிமூவ் என எழுதினீர்கள். கூடவே எவையெல்லாம் போகும் என்று திரை நீளமாகச் சொன்னது. என்றும் ஒத்திகை பார்த்துவிட்டே செய்யும் நீங்கள், அன்று அந்த வரிகளைப் படிக்காமல் 'சரி' என்பதற்கான ஒய் விசையைத் தட்டிவிட்டீர்கள். பயணச்சீட்டுத் தரவுகளைக் காட்டும் மென்பொருளும் போயிற்று, அச்சிடும் மென்பொருளும் போயிற்று. வட்டில் இடம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது!

கவுண்டர்களில் திரை உறைந்தது. கூடத்தில் கூச்சல் கிளம்பியது. கவுண்டரிலிருந்து நாகராஜ் ஓடிவந்தார்.

"மேடம், பப்ளிக் ஹல்லா பண்றாங்க. லிங்க் நஹீ ஹைன்னு போர்டு மாட்டிடவா?"

இணைப்பு இல்லை என்பது, இந்தத் தீவுகளில் எல்லோரும் நம்பக்கூடிய, எவரும் குறை சொல்லாத ஒரே பொய். நீங்கள் எழுந்து, அறிவிப்பு மைக்கைக் கையில் எடுத்தீர்கள். முதலில் இந்தியில் சொன்னீர்கள், பிறகு தமிழில் சொன்னீர்கள்.

"லிங்க் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது, நான்தான் தெரியாம அழிச்சிட்டேன். சரி பண்ணிட்டு இருக்கேன். யாரும் வீட்டுக்குப் போயிடாதீங்க."

முன்வரிசையில் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு கண்ணைக் கட்டியிருந்த பெண்மணி ஒருவர் எழுந்தார். கட்சால் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி ஒச்சம்மா அவர். சுனாமியில் வீட்டைப் பறிகொடுத்து, அன்றுமுதல் தகரக் கொட்டகையில் குடியிருந்தவர். நிரந்தர வீடு அவர் பெயருக்கு வந்திருந்தது. சாவி கொடுக்கும் நாளில் ஆள் நேரில் நிற்காவிட்டால், அடுத்தவருக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கப்பலை விட்டால் அந்த நாளுக்கு முன் வேறு கப்பல் இல்லை.

"ஏந் தாயி, எம் பேரும் அழிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"பேரு அழியல ஒச்சம்மாக்கா. பேரக் காட்டுற பொட்டிதான் மூடிக்கிச்சு" என்றீர்கள். அது ஆறுதல் வார்த்தை மட்டும் அல்ல. நீக்கச் சொன்னீர்களே தவிர, தடம் தெரியாமல் துடைக்கச் சொல்லவில்லை. ஆகவே தரவுகள் வட்டில் பத்திரமாக இருந்தன. மேலிடம் அழிக்கச் சொன்ன அதே பழைய பேக்கேஜ்களை, இணையத்தின் உதவியே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் ஏற்றினீர்கள். உங்களைக் குழியில் தள்ளிய பிடிவாதமே உங்களைத் தூக்கியும் விட்டது. திரையில் பெயர்கள் வந்தன.

ஆனால் அச்சிடும் மென்பொருள் மட்டும் அந்தச் சேமிப்பில் இல்லை. அது தொடக்கத்தில் டிவிடியிலிருந்து ஏற்றியது. அலமாரியைத் திறந்து அந்த டிவிடியை எடுத்தால், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பூத்துக் கிடந்தது. கப்பலிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து வாசலில் நின்றுவிட்டார். நீங்கள் அவரிடம், "நான் ஸ்க்ரீன பாத்து வாசிக்கிறேன், இவங்க கையால எழுதட்டும், கையெழுத்து நான் போடுறேன். அதுவரைக்கும் ருக்கோ, ப்ளீஸ்" என்றீர்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்படி ஒரு வாசிப்பை நாங்கள் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நீங்கள் மைக்கில் பெயர் சொல்லச் சொல்ல, கூடத்தில் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். நாகராஜும் அய்யூப்பும் எழுதினார்கள். "ஒச்சம்மா, கட்சால்" என்று வாசித்தபோது, "இருக்கேன் தாயி, இங்கனதான் இருக்கேன்!" என்று வந்த குரல் கப்பல்துறை வரை கேட்டிருக்கும். சுனாமிக்கு அடுத்த வாரம் இப்படி வாசித்து, இப்படிப் பதில் வாங்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். கப்பல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டுதான் போயிற்று.

அன்று பிற்பகலே, தவறு தன்னுடையது என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பினீர்கள். உங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வு அதனால் தள்ளிப்போய், பிறகு வராமலே போனது. நீங்கள் அதைப் பற்றி முணுமுணுக்கக்கூட இல்லை. எங்களுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அதன் பிறகு இந்தப் பிரிவில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினீர்கள். எதை நீக்குவதானாலும், கூடப் போகும் பேக்கேஜ்களின் பெயர்களை இன்னொருவர் காதில் விழும்படி உரக்க வாசித்துவிட்டே ஒய் விசையைத் தொட வேண்டும். அறையில் ஆளில்லாத ஒருநாள், தண்ணீர் கேன் கொண்டுவந்தவரை நிறுத்திவைத்து முழுவதையும் வாசித்தீர்கள். அவர் பயந்துபோய், "டீக் ஹை மேடம்" என்று ஒப்புதல் கொடுத்தார். உங்களுக்கு அது போதுமாயிருந்தது.

நாணயத்தின் நற்குன்றே! உங்களால் எங்கள் வேலை நிலைத்தது, மானம் நிலைத்தது. பொய் சொல்லாமலும் ஒரு கூட்டத்தை அமைதிப்படுத்த முடியும் என்று கண்ணால் கண்டோம். அதற்கு நன்றி என்ற சொல் போதாது. வேறு சொல் எங்களிடம் இல்லை. உடல்நலம் குன்றாமல், உற்றார் உறவினர் சூழ, காலைப் படகைப் பிடிக்க ஓட வேண்டாத நிம்மதியான நெடுங்காலம் உங்களுக்கு வாய்க்க வேண்டும்.

நிறைவாக ஒரு செய்தி. விழா பற்றிச் சொல்ல, கட்சாலில் ஒச்சம்மாவுக்குத் தொலைபேசினோம். "வீட்டுக்குள்ளாற ஒரு அறைய ஒழிச்சுப் போட்டிருக்கேன். வேலதான் முடிஞ்சிருச்சுல்ல, அந்தத் தாயிய அனுப்பி வைங்க" என்று உத்தரவிட்டுவிட்டார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேரைக் கப்பலேற்றிய நீங்கள் ஒருமுறைகூட நிக்கோபார் பக்கம் போனதில்லை. பொன்னாடையோடு இந்த உறையையும் பெற்றுக்கொள்ளுங்கள். உள்ளே நிக்கோபாருக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டும், கட்சாலுக்குப் பயணச்சீட்டும் இருக்கின்றன. வரும் செவ்வாய்க்கிழமை கப்பல். பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டோம், அம்மையீர். துறையில் நின்று நாங்கள் வாசிப்போம், நீங்கள் 'இருக்கேன்' என்று சொன்னால் போதும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
நீலமணி கப்பல் பயணச்சீட்டு நிலைய ஊழியர்கள்,
போர்ட் பிளேர், 2014.