மஞ்சள் லேபல்மேல் குங்குமம்

கிள்ளானில் ஏறிய கொமுட்டர் ரயிலில், என் எதிரே மனைவியோடு கைகோத்து உட்கார்ந்திருந்த லோரி ஓட்டுநர் திடீரென்று அவளிடம் சொன்னார்.

“கதிரியக்கப் பெட்டிக்குப் பொட்டு வெச்சது தப்பாம்லா.”

“ஆயுத பூசைக்கு லோரிக்குத்தானே வெச்சீங்க?”

“ஏத்தியிருந்த பெட்டிக்கும் வெச்சேன். மஞ்சள் லேபல்ல இருக்கிற எச்சரிக்கைப் படம் மறைஞ்சிருச்சாம். துறைமுக கேட்ல திருப்பி அனுப்பிட்டாங்க.”

“உள்ள என்ன?”

“யுரேனியம் இருந்துச்சாம். இப்ப காலி.”

“காலிப் பெட்டிக்கு எதுக்கு லேபல்?”

“அதான் நானும் கேட்டேன். உள்ள கொஞ்சம் ஒட்டியிருக்குமாம். வெளிய தொட்டா ஒண்ணும் ஆகாதாம்.”

“பொட்ட எப்படி அழிச்சீங்க?”

“வேற எப்படி, இந்தக் கையாலதான்.”

அந்தக் கையை அவள் சென்ட்ரல் நிலையம் வரும்வரை விடவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.