சல்லடையில் நின்ற உரம்

தட்டுப்பாட்டில் பாண் ரொட்டி வாங்கும் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும் காலம் அது. பதுளையில் தேயிலைத் தோட்டத்து பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் இருக்கையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர்.

"என் பாத்தியில இப்ப செருப்பு ஒண்ணுதான் அக்கா இருக்கு," என்றாள் இளையவள்.

நான் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டேன். படிக்கவில்லை.

"செருப்பா?"

"மரக்கறி போடுங்கன்னு தொர உரம் குடுத்தாருல்ல? குப்பைக்குழியில மக்குனத சலிச்சு, மாவாட்டம் கீழ விழுந்தது தொர பங்களா ரோசாவுக்கு. சல்லடையில நின்ன குச்சி, கட்டியெல்லாம் நம்ம லயத்து வீடுகளுக்கு. அதுல போன வருசம் நான் வீசுன செருப்பும் வந்துச்சு."

"நல்ல மனசு! தொலைஞ்சத தேடிக் குடுத்திருக்காங்க."

"ஒரு போஞ்சி வெதகூட மொளைக்கல. குச்சிய மறுபடி குழியில போட்டு, மக்குனதும் குடுங்கன்னு கங்காணிகிட்ட சொன்னேன்."

"கேட்டாரா?"

"கேக்காம? அன்னைக்கே சாக்கோட வந்து அள்ளிட்டாரு. மக்குனதும் பங்களா முட்டைக்கோசுக்காம்."

"செருப்ப ஏன் புள்ள விட்டுட்டாரு?"

"அது மக்காதாம். நீயே வச்சுக்கன்னுட்டாரு."