மஞ்சள் கட்டம்

“அழிச்சதெல்லாம் எங்கப்பா போவுது?”

தமிழ்மாறனின் மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளை. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அங்கே அவன் மடியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். எங்கேயும் போகாது, பேரைத்தான் எடுத்துவிடுகிறோம், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை அது அங்கேயேதான் கிடக்கும் என்று அவன் உள்ளதைச் சொன்னான். அன்று இரவு பிள்ளை விளக்கை அணைக்க விடவில்லை.

இங்கேயும் அணைக்க வேண்டாம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தமிழ்மாறன் நம் சுமதிக்குத் தாய்மாமன். இதோ உட்கார்ந்திருக்கிறாள். நான் எங்கேயாவது கூட்டிச் சொன்னால் அவளே தடுப்பாள்.

ஐப்பசி மாதம். மாலை ஏழரை மணி. செந்துறைச் சாலையிலிருந்து பிரிந்து சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகும் லாரிப் பாதை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுரங்கத்தில் வேலை இல்லை, ஒரு லாரியும் இல்லை. ஈரச் சுண்ணாம்பின் வாடை... பள்ளத்தில் தேங்கிய தண்ணீரிலிருந்து டீசல் வாடை. தமிழ்மாறனின் பைக் சக்கரத்தில் வெள்ளைச் சேறு அப்பிக்கொண்டு சளக், சளக் என்றது.

சுரங்கத்து மேனேஜர் ராஜராஜன்தான் போன் செய்து கூப்பிட்டிருந்தார். காமிராக்கள் பிடிக்கிற படமெல்லாம் ஆபீஸ் கணினியில் சேரும். அதில் இடம் நிறைந்துவிட்டதாம். காமிராக்களை நிறுத்தி வைத்த பிறகும் நிறைகிறதாம்.

போகப்போகத் தமிழ்மாறன் வேகத்தைக் குறைத்தான். காரணம் இருந்தது.

ஆவணியில் இதே கணினிக்கு அவன் வந்திருந்தான். அந்த வாரம்தான் அரியமுத்து செத்துப்போயிருந்தார். குன்னம் பக்கத்து ஆள். பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, பின்னால் நகர்ந்து வரும் வண்டிகளுக்கு டார்ச்சை ஆட்டி, விசில் ஊதி, வரட்டும் வரட்டும் என்று வழி சொல்வது அவருடைய வேலை. குடித்துவிட்டுத் தானே பள்ளத்தில் விழுந்தார் என்று மேனேஜர் சொன்னார். தூக்கியவர்களும் சட்டையெல்லாம் பிராந்தி வாடை என்றார்கள்.

அன்றைக்கு மேனேஜர், டிஸ்க்கில் இடமில்லை, இந்த வாரத்துப் படத்தைத் துடைத்துவிடு என்றார். எது எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று காட்ட ஒரு மென்பொருள் உண்டு. தமிழ்மாறன் அதை ஓடவிட்டான். குன்றின் மேல் நின்று வயல்களைப் பார்ப்பதுபோல் இருக்கும் அது. கட்டம் கட்டமாக வரப்பு கட்டி, பில்கள் நீலம், போட்டோக்கள் பச்சை, வீடியோக்கள் மஞ்சள். பெரிதாகத் தின்பதற்குப் பெரிய கட்டம். அரியமுத்து செத்த தேதியில் ஒரு மஞ்சள் கட்டம் இருந்தது. அவன் அதைத் திறந்து பார்க்கவில்லை. அடுத்தவர் கோப்பைத் திறக்கக் கூடாது என்பது அவன் தொழிலுக்கு வைத்திருந்த விரதம். அதை ஒழுக்கம் என்றே நம்பியிருந்தான். திறக்காமலே அழித்தான்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து அரியமுத்துவின் மனைவி கொளஞ்சியம்மாள், சுரங்கத்துக் கணினியைப் பார்ப்பவன் அவன்தான் என்று விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அவள் பணம் காசு கேட்கவில்லை, வழக்கும் பேசவில்லை. மாரியம்மன் திருவிழாவில் தீவட்டி பிடிக்கிற பாத்தியதை அவர்கள் வீட்டுக்கு இருந்தது. குடித்துச் செத்தவன் வீட்டுக்குத் தீவட்டி கிடையாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள்.

“அம்மன் முன்னால சத்தியம் பண்ணவரு தம்பி. சாராயம் அவரு உதட்டுல பட்டதில்ல. அந்தப் படத்த மட்டும் ஒருக்கா காட்டுங்க. ஊர்ல சொல்லிக்கிறேன்.”

அழித்த இடத்தில் அதுவரை வேறு எதுவும் உட்கார்ந்திருக்காது என்று அவனுக்குத் தெரியும். முயன்றால் மீட்கலாம் என்றும் தெரியும். மேனேஜரின் முகம் நினைவுக்கு வந்தது.

“அது போயிருச்சுங்க அக்கா,” என்றான்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இப்போது ஆபீஸ் வாசலில் ராஜராஜன் நின்றிருந்தார். கிராம்பை மென்றுகொண்டிருந்தார். கிராம்பையும் மீறிப் பிராந்தி வாடை வந்தது.

“வாப்பா டாக்டர். உன் வைத்தியத்துல இது குண்டாகிட்டே போவுது. மவராசனா இருப்ப, இன்னைக்கு ஒரேயடியா முடிச்சிட்டுப் போ,” என்று சொல்லிவிட்டு, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார்.

தமிழ்மாறன் மென்பொருளை ஓடவிட்டான். கட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. நீலம். பச்சை. பிறகு மஞ்சள்... திரையில் முக்கால்வாசி மஞ்சள். ஒரே கட்டம். மேலே தேதி இருந்தது. அரியமுத்து செத்த தேதி, அவன் தன் கையால் அழித்த படம்.

மறுபடி அழித்தான். கட்டம் மறைந்தது. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டான். மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி. கடுகளவு. அது வளர்ந்தது. பில்களின் நீலத்தை நெருக்கிக்கொண்டு, வரப்பை அரித்து அரித்துப் பக்கத்து நிலத்தைப் பிடிப்பவனைப்போல வளர்ந்தது. கணினியின் பெட்டிக்குள் கரக்... கரக்... என்று சத்தம். கல்லில் யாரோ காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல.

அவன் வாய்க்குள் அம்மனைக் கூப்பிட்டான். பிறகு ஆயுளில் முதல் தடவையாக அடுத்தவர் கோப்பைத் திறந்தான்.

படத்துக்குச் சத்தம் கிடையாது. பள்ளத்தின் விளிம்பு. அரியமுத்து டார்ச்சோடு நிற்கிறார். ராஜராஜனின் ஜீப் விளக்கில்லாமல், தாறுமாறாகப் பின்னால் வருகிறது. அவர் நிறுத்து நிறுத்து என்று டார்ச்சை ஆட்டுகிறார். ஜீப் நிற்கவில்லை, அவரை இடித்துக் காலில் ஏறுகிறது. விழுந்தவர் சாகவில்லை. கையைக் குவித்து வாயருகே கொண்டுபோகிறார்... தண்ணீர் கேட்கிறார். ராஜராஜன் தள்ளாடி இறங்கி வந்து பார்க்கிறார். திரும்பிப் போய் ஜீப்பிலிருந்து பாட்டிலை எடுத்து வருகிறார். பிராந்தி பாட்டில். அதை அரியமுத்துவின் சட்டை மேல் ஊற்றுகிறார். வாயிலும் ஊற்றப் பார்க்கிறார். அரியமுத்து பல்லைக் கடித்து, உதட்டை இறுக மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தத் தாகத்திலும் ஒரு சொட்டை உள்ளே விடவில்லை. பிறகு ராஜராஜன் காலால் அவரை விளிம்புக்கு அப்பால் தள்ளுகிறார்.

தமிழ்மாறன் கண்ணை எடுக்கவில்லை. அந்த மனிதருக்கு இனி தன்னால் செய்யக்கூடியது கடைசிவரை பார்ப்பது ஒன்றுதான் என்று தோன்றியது. கண்ணீர் வழிய வழியப் பார்த்தான். பென் டிரைவைச் சொருகிப் படத்தைப் படியெடுக்கவும் தொடங்கினான்.

பின்னால் கிராம்பு வாடை வந்தது.

“அதப் புடுங்குடா.”

“இல்ல சார்,” என்றான் தமிழ்மாறன்.

ராஜராஜன் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். அந்த நொடியில் கரண்ட் போனது. யூ.பி.எஸ். கீ... கீ... என்று கத்த ஆரம்பித்தது. நிறுத்தி வைத்திருந்த காமிராக்கள் திரையில் தாமாகத் திறந்தன. பள்ளத்துக் காமிராவில் ஓர் ஆள், ஒரு காலை இழுத்துக்கொண்டு மேலே ஏறி வருகிறார். அது இருண்டது. எடைமேடைக் காமிராவில் அதே ஆள். அதுவும் இருண்டது. கேட். பிறகு ஆபீஸ் வராந்தா... வெள்ளைச் சுண்ணாம்பு பூத்த ஒரு முதுகு, கதவைப் பார்த்தபடி.

வெளியே விசில் சத்தம். நீளமாக, ஒரே ஒரு தடவை.

ராஜராஜன் காலரை விட்டார். பின்வாசல் வழியாக ஓடினார். ஜீப்புக்குள் ஏறும் சத்தம், கதவு அறையும் சத்தம், கியர் மாட்டாமல் கறகறக்கும் சத்தம். திரையில் விளிம்புக் காமிரா மட்டும் மிஞ்சியிருந்தது. ஜீப் முன்னால் போகவேண்டியது. பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், பள்ளத்தின் ஓரத்தில், ஒரு டார்ச் நிதானமாக ஆடியது. வேலையில் பழகிய கை. இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. கோபமில்லாத குரல். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

“வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும் சார்...”

பிறகு கற்கள் சரியும் ஓசை. வெகுநேரம் கழித்து, கீழே தண்ணீரில் தொபுக்கென்று.

அந்தக் கணினியில் பிறகு மஞ்சள் என்பதே இல்லை. தமிழ்மாறனின் பென் டிரைவில் இருந்தது. அவன் அதை நேரே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனான். தான் அழித்ததையும், அந்த அம்மாளிடம் பொய் சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொடுத்தான். கொளஞ்சியம்மாள் படத்தில் ஒரே இடத்தைத்தான் பார்த்தாள், அவர் உதட்டை மூடிக்கொண்ட இடத்தை. போதும் என்றாள். ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் அவளைக் கூப்பிட்டுத் தீவட்டியை அவள் கையிலேயே கொடுத்தார்கள்.

ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. அவர் தண்ணீர் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை.

கார்த்திகை பிறந்து, மழை ஓய்ந்து, பாதை காய்ந்த பிறகு ஒரு விடியற்காலை. லாரிகள் வருமுன் தமிழ்மாறன் யாரிடமும் சொல்லாமல் அங்கே போனான். அந்த விளிம்பில் ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீரை வைத்தான். வீட்டில் படையல் போட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவோம் இல்லையா? செத்தவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது. அங்கே சாத்தக் கதவு இல்லை. அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு கைகட்டி நின்றான்.

காற்றில்லை. பறவைச் சத்தமும் இல்லை.

மடக்... மடக்... மடக்...

அவசரமில்லாமல், நெடுநாள் தாகத்தை ஆற்றுகிற சத்தம். அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் திரும்பினான். சொம்பு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. சுற்றியிருந்த வெள்ளைத் தூசியில் ஈரமும் இல்லை, காலடியும் இல்லை.

சொம்பின் விளிம்பில் மட்டும், சுண்ணாம்பு படிந்த இரண்டு உதடுகளின் தடம்.