லேப்டாப்புக்குத் தைத்த சட்டை

— அத்தை, இதுக்கு யாரு சட்டை போட்டு விட்டது?

— நான்தான் மாப்பிள்ளை. அளவு கச்சிதமா இருக்கா?

— அளவுக்கு என்ன குறை, பொத்தான்கூட வச்சிருக்கீங்க. உள்ள லேப்டாப்தான் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது.

— பக்கத்து வீட்டை இடிக்கிறானே, காலையிலேர்ந்து ஒரே புழுதி. சாப்பாட்டு மேசையில விரலால பேரே எழுதலாம், அப்படிப் படிஞ்சு கிடக்கு. பாவம் வாயில்லா ஜீவன்னு போர்த்தி விட்டேன்.

— சைட்டுக்குப் போற அவசரத்துல நான் ஆஃப் பண்ணாம போயிட்டேன். ஓடிட்டிருக்கிறதை ரெக்சின்ல போட்டு மூடினா அது எப்படி மூச்சு விடும்? இந்த ஓரத்துல வரிசையா ஓட்டை இருக்கு பாருங்க, அதுதான் அதுக்கு மூக்கு. அதையும் சேர்த்துத் தைச்சிட்டீங்க.

— கேட்டுக்குங்க. முப்பது வருஷம் பஸ் டிப்போவுல சீட்டு தைச்சவ நான். ஒரு சீட்டாவது மூச்சு முட்டிப் போயிருக்கா?

— சீட்டுக்குள்ள ஃபேன் இல்லையே அத்தை.

— அதைச் சொல்லணும்ல. போயிடுச்சா?

— மயக்கம்தான். சூடு தாங்காம அதுவே அணைஞ்சிருக்கு. ஆறினதும் பின்பக்கத்தைத் திறந்து சுத்தம் பண்ணிடலாம். ஆனா அஞ்சு மணிக்குள்ள நான் ஒரு லெட்டர் அனுப்பியாகணும். இப்பவே மணி நாலு.

— அப்ப ஆகட்டும். நான் என்ன பண்ணணும்?

— இந்த டப்பா மூடியைப் பிடிங்க, ஸ்க்ரூவைப் போடறேன். பத்து ஸ்க்ரூ. ஒண்ணு உருண்டாலும் தொலைஞ்சோம்.

— என் கைக்கு வந்தது எதுவும் உருளாது. நீங்கதான் ரெண்டைக் கீழ விட்டீங்க, எடுத்து மூடியில போட்டாச்சு… அம்மாடி. என்ன இது, உள்ள மெத்தையே போட்டு வச்சிருக்கு?

— இது உங்க சட்டையால வந்தது இல்ல. பல வருஷத் தூசி. நான் கட்டில்ல, தலகாணி மேல வச்சே வேலை பார்த்தேன்ல, அடியிலேர்ந்து பஞ்சை உறிஞ்சிருக்கு.

— அப்படியா சங்கதி. அரை மணி நேரமா குற்றவாளிக் கூண்டுல நான் ஒருத்தி மட்டும் நிக்கிறேன்.

— சரி விடுங்க, ஆளுக்குப் பாதி. ஒரு பிரஷ் வேணுமே.

— என் தையல் மெஷின் துடைக்கிற பிரஷ் இருக்கு.

— அதுல எண்ணெய் இருக்கும். எண்ணெய் பட்டா நாளைக்கு இன்னும் ரெண்டு மடங்கு தூசி ஒட்டும். காஞ்சதா, மெல்லிசா வேணும்.

— அப்ப பவுடர் பிரஷ்ஷைத் தர்றேன். புதுசு, பிரிக்கவே இல்ல.

— உங்களுக்கு எதுக்கு அத்தை பவுடர் பிரஷ்?

— ஏன், எனக்கு முகம் இல்லையா? துடைக்கிற வேலையைப் பாருங்க. வேணும்னா நான் ஊதி விடறேன்.

— வாயால ஊதக்கூடாது, எச்சில் படும். இந்த ரப்பர் உருண்டையை அமுக்கினா காத்து வரும். இருங்க, பேட்டரி வயரைக் கழட்டிட்டேன். இந்தக் குட்டி ஃபேனோட சிறகை மட்டும் நீங்க ஒரு விரலால பிடிச்சுக்குங்க. காத்துல தானா சுத்தினா அச்சு கெட்டுப் போயிடும்.

— பிடிச்சாச்சு. இனி இது என் பொறுப்பு… பாருங்க, எப்படிப் பறக்குதுன்னு. தும்மல் வருது மாப்பிள்ளை.

— திரும்பித் தும்முங்க. விரலை எடுக்காதீங்க.

— சட்டையைப் பிரிச்சு வேற தைச்சுக் கொடுத்திடறேன். எப்படி இருக்கணும்?

— மெல்லிசு பருத்தித் துணி போதும். ஆஃப் பண்ணி, ஆறின பிறகுதான் போர்த்தணும். ஓடுறப்போ கெட்டியான மேசை மேல சும்மா இருந்தாலே போதும். வாரம் ஒரு தடவை ஓரத்தைத் துடைச்சா உள்ள இப்படிச் சேராது.

— அது சரி. என்ன லெட்டர் அது?

— எது?

— அஞ்சு மணிக்குள்ள போக வேண்டியது.

— ஆபீஸ் விஷயம். வழக்கமானதுதான்.

— வழக்கமான லெட்டருக்கு ஸ்க்ரூவைக் கீழ போட மாட்டீங்களே.

— வெயில்ல வந்த களைப்பு.

— பொய்யை நீங்க ஓட்டுத்தையல்தான் போடறீங்க. இழுத்தா பிரிஞ்சு வந்துடுது. துறைமுகத்து வேலைதானே?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— காலையில திரையைத் துடைச்சேன், வெளிச்சம் வந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டா துடைக்க முடியும்? கிடங்குக்கெல்லாம் பிளான் போடுற வேலை, தங்க இடம் அவங்களே தர்றாங்க. நீங்க பதில் எழுதி, அனுப்பாம வச்சிருந்தீங்க. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை.’ ஏன் மாப்பிள்ளை, இந்த வீட்டுல இருக்கிறது நீங்களும் நானும்தான். நீங்க சூழ்நிலை இல்ல. அப்ப நான்தான் சூழ்நிலை.

— அப்படி இல்ல அத்தை.

— அறுபத்திரெண்டு வயசுல எனக்கு ஒரு பட்டப்பேரு.

— உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?

— கூட வர்றீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— நீங்க வர மாட்டீங்க. உங்க பொண்ணு ரூமை விட்டுட்டு உங்களால வர முடியாது. அவ இறந்து நாலு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் எழுந்ததும் முதல் வேலையா அவ மேசையைத்தானே துடைக்கிறீங்க. அதைப் பார்த்த பிறகு எந்த வாயால கேட்கிறது?

— கேட்டுக்குங்க. முதல் வருஷம் அவளுக்காகத்தான் துடைச்சேன். அப்புறம், நான் நிறுத்தினா உங்க மனசு உடைஞ்சிடுமோன்னு துடைச்சேன்.

— என் மனசா?

— வேலைக்குக் கிளம்புறப்போ தினமும் அந்தக் கதவுல நின்னு எட்டிப் பார்ப்பீங்களே.

— நீங்க துடைச்சு வைக்கிறீங்களேன்னுதான் பார்ப்பேன். பார்க்காம போனா நீங்க வருத்தப்படுவீங்கன்னு.

— நல்லா இருக்கு கதை.

— நாலு வருஷமா அத்தை.

— என் விரலை எடுக்கலாமா? மரத்துப் போச்சு.

— எடுங்க, எடுங்க. மறந்தே போயிட்டேன்.

— அவ இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.

— சிரிச்சிட்டு, யாரு முட்டாள்னு ஒரு தீர்ப்பும் சொல்லியிருப்பா.

— அதுல சந்தேகம் வேற இருக்கா? சரி, மூடுங்க. ஸ்க்ரூ பத்தும் இருக்கு, சரி பார்த்துக்குங்க.

— இருக்கு. பேட்டரி வயரை மாட்டி மூடியாச்சு. பட்டனை அமுக்கறேன்… எழுந்திருச்சு அத்தை. ஃபேன் சத்தமே கேக்கல.

— மணி என்ன?

— நாலே முக்கால்.

— அந்த லெட்டரைத் திறங்க.

— அவசரப்பட்டு முடிவு பண்ண வேண்டாம். அவங்க கொடுக்கிறது ஒரு ஆள் தங்குற ரூம்.

— திறங்கன்னு சொல்றேன்ல.

— சரி… இருங்க. இது நான் எழுதினது இல்லையே.

— உங்களதுல தூசி ஜாஸ்தியா இருந்துச்சு. துடைச்சிட்டேன்.

— நீங்களா அடிச்சீங்க?

— ஒத்த விரல்ல, ஒரு மணி நேரம். அனுப்புறதும் அழிக்கிறதும் உங்க இஷ்டம். முதல்ல சத்தமா படிங்க, என் கண்ணாடி உள்ள இருக்கு.

— ‘ஐயா, வேலைக்கு வருகிறேன். ஒரு அறை போதாது, இரண்டு வேண்டும். என் மாமியாரும் உடன் வருகிறார். அது எனக்கே இப்போதுதான் தெரியும்.’