மீன்பெட்டி மேல் ஒரு முதல் பிறந்தநாள்

பூசான் கடலோரக் குழந்தைகள் இல்லத்திலிருந்து பணிநிறைவு பெறும் பண்பாளர் மா சுன்-ஓக் அம்மையாருக்கு, உடனுழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

பெற்றவர் பெயரறியாப் பிள்ளைகளுக்கும் பிறந்த கதையைப் பொறுமையுடன் தேடித் தந்த பெருந்தகையே! புதுவீடு புகும் வாண்டுகளின் கையில் துணிப்பெட்டியோடு சொந்த வரலாற்றையும் கொடுத்து வழியனுப்பிய வள்ளலே! மீன்காரப் பெண்களிடம் வாய் கொடுத்தும் வாகை சூடி மீண்ட வீராங்கனையே! வணக்கம்.

எங்களில் பாதிப்பேர் சந்தைக் கடைகளில் வளர்ந்தவர்கள். வாடிய மீனின்மேல் பனிக்கட்டி தூவிப் பளபளக்க வைப்பது எங்களுக்குக் கைவந்த கலை. பிள்ளைகளின் கதைமீதும் கொஞ்சம் தூவினால் என்ன என்று நினைத்தோம். தாங்கள் விட்டீர்களா?

சேபொம் என்ற சிறுமியை மறக்க முடியுமா! தேஜோன் நகரிலிருந்து தங்கமான தம்பதியர் தத்தெடுக்கக் காத்திருக்க, அந்த எட்டு வயதுச் சிட்டு, வரமாட்டேன் என்று நம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டது. முதல் பிறந்தநாளில் மேசையில் பரப்பிய பொருள்களில் குழந்தை எதைப் பிடிக்கிறதோ அதுவே அதன் வருங்காலம் என்பது நம் நம்பிக்கையாயிற்றே. நூலைப் பிடித்தேன், நெடுநாள் வாழ்வேன்; தூரிகையைப் பிடித்தேன், பெரிய படிப்பாளி ஆவேன் என்று பள்ளியில் ஆளுக்கு ஆள் பீற்றிக்கொண்டார்களாம்.

“எனக்கு யாரும் மேசையே போடல டீச்சர். யாருக்கும் வேணாம்னு இருந்த பொண்ண இவங்க மட்டும் எதுக்குக் கூட்டிட்டுப் போறாங்க?”

“நூலைப் பிடிச்சான்னு சொல்லிடுங்கக்கா. யாரு வந்து கேக்கப் போறா?” என்றோம் நாங்கள்.

“அவளே வந்து கேப்பா, வளந்தப்புறம். அன்னைக்கு நீங்க நின்னு பதில் சொல்வீங்களா?” என்றீர்கள். அத்துடன் எங்கள் கடை மூடிற்று.

சேபொம் கைக்குழந்தையாய் இருந்தபோது அவளை வளர்த்த கருவாட்டுக் கடைக்காரி பியோன் அக்கா ஊரைவிட்டே போய்விட்டார் என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. தாங்களோ சந்தையில் சந்து சந்தாய் விசாரித்து, அவர் மாற்றியது ஊரையல்ல, கடையைத்தான் என்று கண்டுபிடித்தீர்கள். சிறுமியின் கைபிடித்துக் கருவாட்டுக் கடைகளின் நடுவே போய் நின்றீர்கள்.

“மேசை போடலையா? எவ சொன்னா?” என்று பாய்ந்தார் பியோன் அக்கா. “மீன்பெட்டியக் கவுத்து, பட்டுத்துணி விரிச்சு, நூலு, அரிசி, தூரிகை எல்லாம் வச்சேன். இந்தக் கழுத அத்தனையும் தாண்டித் தவழ்ந்துபோய் என் கணவாய்க் கருவாட்டப் பிடிச்சுக்கிச்சு!”

“கணவாயா? அது ஆக்டோபஸ்டீ! என் கடைச் சரக்கு!” எதிர்க்கடை பாங் அக்காவின் குரல்.

“உன் சரக்க ஈகூடத் தொடாது!”

“இவ தொட்டாளே! பிடுங்கப் போனா கடிச்சாளே!”

சந்தே இரண்டு கட்சியாய்ப் பிரிந்தது. தராசை வைத்துவிட்டு வந்தவர்கள், வாடிக்கையாளரை விட்டுவிட்டு வந்தவர்கள், எல்லோரும் சாட்சி. வாய்பிளந்து நின்ற சேபொம் மெல்லத் தங்கள் சட்டையை இழுத்தாள்.

“டீச்சர், இவங்க எல்லாருமா என் பிறந்தநாளுக்கு வந்தாங்க?”

“வந்தாங்களாவா? அரிசிப் பலகாரத்த ரெண்டாந் தடவையும் கேட்டு வாங்கித் தின்னாளுங்க!” என்றார் பியோன் அக்கா.

திரும்பும் வழியில் அவள் கேட்ட கேள்விதான் கனமானது. அம்மா ஏன் விட்டுப்போனாள்? அதற்கும் தாங்கள் பனிக்கட்டி தூவவில்லை. “தெரியல கண்ணு. தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டேன், இது தெரியல. தேடிக்கிட்டே இருக்கேன்” என்றீர்கள். அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு தங்கள் கையை ஆட்டிக்கொண்டே நடந்தாள். அடுத்த வாரம் கணவாய் ஒரு கையிலும் ஆக்டோபஸ் மறு கையிலுமாகப் புதுப் பெற்றோருடன் ரயிலேறினாள். தேஜோன் போய்ச் சேரும்வரை பெட்டி முழுக்க மணந்ததாம்!

அன்புக்குரிய அம்மையீர்! அறுபது நிறைந்தால் ஆண்டுச் சக்கரம் பிறந்த புள்ளிக்கே திரும்புகிறது. ஆகவே இன்று தங்களுக்கும் முதல் பிறந்தநாள். இதோ மீன்பெட்டியைக் கவிழ்த்து மேசை போட்டிருக்கிறோம். நூல் எங்களுடையது, நோயின்றி நெடுங்காலம் தாங்கள் வாழ வேண்டும் என்ற பேராசையில் உருண்டை உருண்டையாய் வைத்துள்ளோம். நடுவில் மணப்பது, தேஜோனிலிருந்து வந்து முன்வரிசையில் பெற்றோருக்கு நடுவே அமர்ந்திருக்கும் சேபொம் வைத்தது.

கை நீட்டுங்கள். எதை எடுத்தாலும் எடுத்ததை எடுத்தபடியே சொல்வோம். அது கணவாயா ஆக்டோபஸா என்று மட்டும் காலமெல்லாம் சண்டை போடுவோம்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
இல்லத்துப் பணியாளர்கள்
பூசான்