ஆராயியின் கைநாட்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். லோதி ரோடு அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். தட்டச்சு செய்யாமலே மேலே அனுப்பலாம் என்று மேலதிகாரியே சொல்லியிருக்கிறார். இப்போது நம் சங்கத்தின் செயற்குழு என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறது. தருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. களைப்புதான் இருக்கிறது.

இந்த நல்லசிவம் யார் என்று டெல்லித் தமிழர்களுக்குத் தெரியும். சாதி ஒழிப்பையும் எழுத்தறிவையும் மேடைமேடையாகப் பேசித் தொண்டை கட்டிப்போனவன். பேச்சோடு நிற்கவும் இல்லை. பதினோரு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஜுக்கி என்னும் குடிசைக் குடியிருப்பில் அமர்ந்து, கட்டட வேலைக்கு வந்த நம் மக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வந்தவற்றைப் படித்துக் காட்டினேன். அவர்கள் சொல்கிறபடியே எழுதினால் அது கடிதமாக இராது. "வேளைக்குச் சோறு திங்கிறியா" என்பார்கள். "உடல்நலம் பேணுக" என்று எழுதுவேன்.

"தலைவரு எழுதுனா கவர்மென்ட் ஆர்டரு மாதிரி இருக்குது. ஊருல எங்கப்பன் காயிதத்தப் பாத்ததுமே யாரு செத்தாங்கன்னு அழுவறாராம்" என்பாள் கடிதம் எழுத வரிசையில் நிற்கும் முத்தம்மா. வரிசை முழுதும் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆராயி சேலம் பக்கத்தவள். கணவனை இழந்தபின் சிமென்ட் கலவை சுமந்து ஒரே மகனைப் படிக்க வைத்தாள். அந்தத் தர்மனுக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தவன் நான். கல்லூரிப் படிவத்தை நிரப்பியவனும் நான்தான். அவன் நிலவியல் படித்து, ஆராய்ச்சி மாணவனாகி, எண்பத்து நான்காம் ஆண்டு ஜாவாவில் ஓர் எரிமலைக்கு நான்கு மாதக் களப்பணிக்குப் போனான். எந்தக் குழம்பு எந்தக் காலத்தில் வழிந்தது என்று பாறைகளைப் பார்த்து வரைபடம் போடும் வேலை. மலைச்சரிவில் ஒரு குடிசையில் தங்கியிருந்தான். வாரம் ஒருமுறை அடிவார ஊருக்கு இறங்கி அஞ்சலகத்தில் கடிதம் வாங்குவான்.

தாயின் கடிதங்களை நான் எழுதுவேன். அடியில் அவள் கைநாட்டு வைப்பாள். சிமென்ட் தின்ற பெருவிரல். ரேகை விழாது, குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு மட்டும் வெள்ளையாகத் தெரியும். "ஐயாவின் எழுத்துக்குக் கீழே அம்மா இருக்கிறாள்" என்று தர்மன் ஒருமுறை எழுதியிருந்தான்.

மூன்றாம் மாதம் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மலை நாளுக்கு நாற்பது முறை அதிர்கிறது. ஊற்றுநீர் கைவைக்க முடியாமல் சுடுகிறது. சரிவில் இருந்த ஊர்க்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். உடன் வந்த மாணவர்கள் இருவரும் போய்விட்டார்கள். அவனும் போகலாம், பட்டம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்கிறார் பேராசிரியர். "நானாகத் திரும்பினால் குடிசைப் பையன் பயந்து ஓடிவந்தான் என்பார்கள். அம்மா கூப்பிட்டாள் என்றால் யாரும் பேச மாட்டார்கள். வா என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் ஐயா. அதுவரை இங்கேயே இருப்பேன்."

மலை கொஞ்சம் புகைகிறதாம் என்று மட்டும் ஆராயிக்குப் படித்தேன்.

"பொகையுதா? வந்துரச் சொல்லுங்க தலைவரே. ஜல்தி வந்துரச் சொல்லுங்க. படிப்பு எங்க ஓடிப் போவுது?"

நீங்கள் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். காலங்காலமாக வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட சமூகம் அது. கோயில் வாசலோடு திரும்பியது. பள்ளி வாசலோடு திரும்பியது. அதில் ஒருவன் உச்சிவரை ஏறிவிட்டு, தானே திரும்பி வருவதா? ஒரு தாயின் அச்சத்துக்காக ஒரு சமூகத்தின் பயணத்தை நிறுத்த எனக்கு உரிமை இல்லை என்று கருதினேன். கோல் மார்க்கெட்டில் நடக்கவிருந்த நம் சங்கக் கூட்டத்துக்கு, 'சிமென்ட் சட்டியிலிருந்து எரிமலை உச்சிக்கு' என்று தர்மனைப் பற்றிய துண்டறிக்கை ஆயிரம் படிகள் அச்சாகி வந்திருந்தன. அது காரணமல்ல. எதையும் மறைத்ததாக இருக்கக் கூடாது என்றே சொல்கிறேன்.

அன்று முதல்முறையாக அவள் பேச்சிலேயே எழுதினேன். என் நடையில் எழுதினால் அவன் நம்பியிருக்க மாட்டான். 'வராத சாமி. பாதில வந்தீன்னா எம் மூஞ்சில முழிக்காத.'

"வந்துருன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் ஆராயி. வை."

மையில் தோய்த்து விரலை அழுத்தினாள். ஈரம் காயட்டும் என்று குனிந்து ஊதினாள்.

கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் மலை வெடித்தது. உடல் கிடைக்கவில்லை. தந்தி வந்து ஒரு வாரம் கழித்து, என் முகவரிக்கு அவனுடைய கடைசிக் கடிதம் வந்தது. 'சரிம்மா. இருக்கேன்.' ஆராயி அப்போது அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். அந்த நிலையில் அதைப் படித்துக் காட்டுவது இரக்கமற்ற செயல். என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். துண்டறிக்கைகளும் வீணாகவில்லை; சுற்றிலும் கறுப்புக் கட்டம் சேர்த்துக்கொண்டோம்.

அடிவார ஊரில் அவன் வைத்திருந்த பெட்டி பிறகு வந்தது. சுத்தியல், கற்கள், தாயின் கடிதங்கள். நான் எழுதிய அந்தக் கடைசிக் கடிதத்தை அங்கே படித்து, பெட்டியில் வைத்துவிட்டு, மறுபடி மேலே ஏறியிருக்கிறான். பெட்டியை அப்படியே ஆராயியிடம் கொடுத்தேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. முன்பு ஒருமுறை எழுத்துக் கற்க வேண்டும் என்று கேட்டாள். நான் இருக்கும்போது உனக்கெதற்கு என்று சொல்லியிருந்தேன்.

செல்லம்மாள் என்ற ஆசிரியை ஜுக்கியில் பெண்களுக்கு வகுப்பு தொடங்கியது எனக்குத் தெரியும். ஆராயி எட்டு மாதமாகப் போகிறாள் என்பது தெரியாது. சென்ற ஞாயிறு அவளும் வரிசையில் நின்றாள். முறை வந்ததும், பெட்டியில் வந்த அந்தக் கடிதத்தைப் பிரித்து, எழுத்தின் மேல் விரல் வைத்து, எல்லோர் முன்னும் படித்தாள்.

"வ... ரா... த. மூ... ஞ்சி... ல... முழி... க்கா... த." நிமிர்ந்து பார்த்தாள். "இத யாரு சொன்னது தலைவரே?"

"தப்பாப் படிக்கிற ஆராயி. இங்க கொடு."

கொடுக்கவில்லை. "கையி அவுளுது. வாயி யாருது?" என்றாள் பின்னால் நின்ற முத்தம்மா. யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆம். அவள் வா என்றாள். நான் வராதே என்று எழுதினேன். மலை வெடிக்கக்கூடும் என்று தெரிந்தே எழுதினேன்.

இந்த விளக்கத்தைச் செல்லம்மாள் ஆராயிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். அது சரிப்படாது. செல்லம்மாள் உள்ளது உள்ளபடி படித்துவிடுவார். அந்தத் தாயால் எதைத் தாங்க முடியும், எந்த வரியை விட்டுவிட்டுப் படிக்க வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும். வருகிற ஞாயிறு நானே போய்ப் படித்துக் காட்டுகிறேன்.